பீலிக்கரையில் பதினாறு குடங்கள்

பட்டிப்பொலவில் உயர்தர வகுப்பு மாணவர்கள் முன் ஆற்றிய உரை



கணினியைப் பற்றிப் பேச வந்த நான் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலிலிருந்து தொடங்குகிறேன். நான் ஒன்பதாம் ஆண்டு படித்த காலத்தில் எங்கள் அம்மாவை ஒரு கேங்கிலிருந்து இன்னொரு கேங்குக்கு மாற்றினார்கள். அந்த மாதச் சம்பளத்தில் ஒரு தொகை குறைந்தது. அம்மா முற்பணம் எதுவும் வாங்கியிருக்கவில்லை. அடுத்த மாதமும் குறைந்தது. மூன்றாம் மாதம் அப்பா ஆபீசுக்குப் போய்ப் படியில் நின்று, செக்ரோலைத் திறந்து காட்டச் சொன்னார். அம்மாவின் பெயர் எழுதியிருந்த வரியில் அதற்கு முன் வேறொருவரின் பெயர் இருந்திருக்கிறது. அவர் தோட்டத்தை விட்டுப் போனவர். அவர் பெயரை அழித்து அம்மாவின் பெயரை எழுதினார்கள், இலக்கத்தையும் மாற்றினார்கள். வரியின் ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்த ஒரு சிறு குறியை மட்டும் யாரும் அழிக்கவில்லை. அந்தக் குறிக்கு அர்த்தம்: கழிக்க.

இந்தக் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இன்று உலகத்தின் பெரும்பாலான சர்வர்களிலும், உங்கள் கையிலுள்ள அண்ட்ராய்ட் போன்களிலும் ஓடுகிற லினக்ஸ் கெர்னலுக்குள் இதே தவறு, இதே வடிவத்தில், நடந்தது. அதையும், அதற்கு முன் அதே இடத்தில் நடந்த ஓர் அழகான எளிமைப்படுத்தலையும் உங்களுக்குக் காட்டவே வந்தேன்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிப்பாகம். நீங்கள் திறக்கும் எந்த நிரலும் நினைவகத்தையோ வட்டையோ தானாகத் தொட முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு நிரல் தருவதை இன்னொரு நிரல் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அதற்கும் நடுவில் கெர்னல் நிற்கிறது. அப்படி நிரலோடு நிரலை இணைக்கிற வழிக்குப் பைப் என்று பெயர். 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக் மக்கில்ராய் இந்த யோசனையை எழுதிவைத்தார். தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய்களை ஒன்றோடொன்று திருகிப் பூட்டுவதுபோல நிரல்களையும் பூட்ட முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம். 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸ் இயங்குதளத்தில் செய்து முடித்தார். ரப்பர் குழாயை விட நமக்குப் பீலிதான் பொருத்தம். மலையூற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் ஆள் நின்று பிடிக்கிறார்.

வருகிற வேகமும் பிடிக்கிற வேகமும் ஒன்றாக இருக்காது. அதனால் நடுவில் கொஞ்சம் தேக்கி வைக்க இடம் வேண்டும். அந்த இடம்தான் பஃபர். 1975இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் ஒரு பைப்புக்கு 4096 பைட் இடம் இருந்தது. தமிழில் ஓர் எழுத்துக்குறி இன்றைய முறையில் 3 பைட் பிடிக்கும் என்பதால், அதில் 1365 குறிகள்தான் அடங்கும். ஒரு பக்கக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறாம் பதிப்பின் கெர்னல் மூலநிரலுக்கு அவுஸ்திரேலியாவில் ஜோன் லயன்ஸ் என்ற விரிவுரையாளர் தன் மாணவர்களுக்காக உரை எழுதினார். பிறகு உரிமைக் கட்டுப்பாடுகள் வந்து அதை வகுப்பில் படிக்கக்கூடாது என்றானது. மாணவர்கள் போட்டோபிரதி எடுத்துக் கைமாற்றிப் படித்தார்கள். 1996இல்தான் அது புத்தகமாக அச்சேறியது. லினக்ஸைப் படிக்க உங்களுக்கு அந்தப் பாடு இல்லை. அதன் ஒவ்வொரு வரியும் திறந்து கிடக்கிறது. பைப் பற்றிய கோப்பு மொத்தமே ஆயிரத்துச் சில நூறு வரிகள்தான்.

லினக்ஸிலும் நீண்ட காலம் பைப்புக்கு ஒரே ஒரு 4096 பைட் பக்கம்தான் இருந்தது. 2005இல் அதைப் பதினாறு பக்கங்களாக்கினார்கள். மொத்தம் 65,536 பைட். அதாவது பீலிக்கரையில் ஒரு குடம் இருந்த இடத்தில் பதினாறு குடங்கள் வட்டமாக வைத்தாயிற்று. ஒருவர் நிரப்பிக்கொண்டே போகிறார், பின்னால் ஒருவர் எடுத்துக்கொண்டே வருகிறார். பதினாறாவது முடிந்தால் மறுபடியும் முதலாவது. இதைத்தான் வளைய பஃபர் என்கிறோம்.

இப்போது கணக்கு எப்படி வைப்பது? தொடக்கத்தில் இரண்டு எண்கள் வைத்திருந்தார்கள். ஒன்று, எடுக்க வேண்டிய முதல் குடம் எது. மற்றது, நிறைந்திருக்கும் குடங்கள் எத்தனை. பார்த்தால் இயல்பாகத்தான் தெரிகிறது. ஆனால் யார் எந்த எண்ணை மாற்றுகிறார் என்று பாருங்கள். நிரப்புகிறவர் இரண்டாவது எண்ணைக் கூட்டுகிறார். எடுக்கிறவர் முதல் எண்ணையும் நகர்த்துகிறார், இரண்டாவதையும் குறைக்கிறார். ஒரே எண்ணில் இருவர் கை. அதனால் ஒருவர் மாற்றி முடிக்கும்வரை மற்றவர் தொடக்கூடாது. நம் ஸ்டேஷனில் இது உங்களுக்குப் பழகிய விஷயம். 1891 மீட்டர் உயரத்தில், இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கிற ரயில் நிலையம் நம்முடையது. ஒற்றைப் பாதை. ஒஹியப் பக்கம் போகிற வண்டிக்காரர் வளையத்தில் மாட்டிய டேப்லெட்டைக் கையில் வாங்காமல் சுரங்கத்துக்குள் நுழைய முடியாது. கெர்னலில் அந்த டேப்லெட்டுக்குப் பூட்டு என்று பெயர்.

2019இல் கெர்னல் நிரலாளர் டேவிட் ஹவல்ஸ் இந்தக் கணக்கு முறையை மாற்றினார். 2020 ஜனவரியில் வந்த லினக்ஸ் 5.5ஆம் பதிப்பில் அது சேர்ந்தது. அவருக்கு ஒரு தேவை இருந்தது. கெர்னல் தானே சில அறிவிப்புகளைப் பைப்புக்குள் போட வேண்டும், அதுவும் காத்து நிற்க முடியாத இடங்களிலிருந்து. அதற்குப் பழைய கணக்கு இடைஞ்சலாக இருந்தது. அவர் வைத்தவையும் இரண்டே எண்கள்தான். நிரப்புகிறவர், காலையிலிருந்து இதுவரை மொத்தம் எத்தனை குடம் நிரப்பினேன் என்று மட்டும் சொல்வார். இது தலை. எடுக்கிறவர், இதுவரை மொத்தம் எத்தனை குடம் எடுத்தேன் என்று மட்டும் சொல்வார். இது வால். எந்த எண்ணும் குறைவதே இல்லை. நிறைகுடம் எத்தனை? தலையிலிருந்து வாலைக் கழியுங்கள். அடுத்து எந்தக் குடம்? பதினாறால் வகுத்து மீதியைப் பாருங்கள். முக்கியமாக, ஒருவர் எண்ணில் மற்றவர் கை வைப்பதில்லை.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் இடம் போதுமா என்று முன்வரிசைத் தங்கச்சி முகத்தில் கேள்வி தெரிகிறது. போதாது. 32 பிட் எண் 4294967295 வரை போகும், அடுத்தது 0. லொறியின் மைல் மீட்டர் எல்லா ஒன்பதும் வந்தபின் பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல. அப்போது கணக்கு உடையாதா? செய்தே பார்ப்போம். வால் 4294967294இல் நிற்கிறது. தலை அதைத் தாண்டிச் சுற்றி வந்து 3இல் நிற்கிறது. வாலிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் 0, இன்னும் மூன்று எட்டு வைத்தால் 3. ஆகவே ஐந்து நிறைகுடம். இயந்திரம் 32 பிட்டுக்குள் கழித்தாலும் அதே 5 வருகிறது. குடங்களுக்கு 0 முதல் 15 வரை இலக்கம் கொடுத்தால், அந்த ஐந்தும் எந்தக் குடங்கள்? 14, 15, 0, 1, 2. வரிசை பிசகவில்லை. பதினாறுக்குப் பதில் பன்னிரண்டு குடம் வைத்திருந்தால் பிசகியிருக்கும். 4294967295க்கு மூன்றாம் குடம், அடுத்த எண் 0க்குப் பூஜ்யமாம் குடம், நடுவில் எட்டுக் குடங்கள் காணாமல் போயிருக்கும். அதனால்தான் வளையத்தின் அளவை 2, 4, 8, 16 என்ற வரிசையிலிருந்தே எடுக்கிறார்கள்.

இன்னொரு அழகையும் சொல்லாமல் விட மனமில்லை. எண்களை 0 முதல் 15க்குள்ளேயே சுற்றவிட்டால், தலையும் வாலும் ஒரே குடத்தில் நிற்கும்போது எல்லாம் காலியா, எல்லாம் நிறைவா என்று தெரியாது. பாடப்புத்தகங்களில் இதைச் சமாளிக்க ஒரு குடத்தை எப்போதும் வெறுமனே விட்டுவைப்பார்கள். மொத்தக் கணக்கு வைத்தால் அந்தக் குழப்பமே பிறப்பதில்லை. இரண்டும் சமமானால் காலி, பதினாறு வித்தியாசம் என்றால் நிறைவு. பதினாறு குடமும் பயன்படும். இதை முதன்முதலில் படித்த இரவு நான் தூங்கவில்லை. கூடுதலாக எதையும் சேர்க்காமல், வைத்திருக்கும் இரண்டு எண்களின் அர்த்தத்தை மட்டும் மாற்றி ஒருவர் இத்தனையைச் சாதித்திருக்கிறார்.

ஆனாலும் இந்த எளிமைக்கும் ஒரு விலை இருந்தது. 2025 தொடக்கத்தில், ஒரு சோதனை நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நிற்பதாக ஏ.எம்.டி. பொறியாளர்கள் அறிவித்தார்கள். குடம் வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்கிறவர் பூட்டு இல்லாமல் எட்டிப் பார்ப்பார். முதலில் நிரப்புகிறவரிடம் கேட்கிறார்: நூறு. அடுத்தவரிடம் நடந்து போவதற்குள் இன்னும் சில குடங்கள் நிரம்பி, எடுக்கவும்பட்டு, எடுக்கிறவர் நூற்றிரண்டு என்கிறார். நூறிலிருந்து நூற்றிரண்டைக் கழித்தால் மைனஸ் இரண்டு. குறை எண் தெரியாத இயந்திரத்துக்கு அது 4294967294. இத்தனை குடம் நிறைந்திருக்கிறதா, இடமே இல்லை என்று நம்பித் தூங்கப் போய்விடுகிறார். எழுப்ப ஆள் வருவதில்லை. தலையையும் வாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே பார்வையில் படிக்கும்படி செய்து இதைத் தீர்த்தார்கள்.

இனி நான் சொல்ல வந்த பெரிய சம்பவத்துக்கு வருகிறேன்.

குடங்களின் எண்ணிக்கையைப் பேசினோம். ஒவ்வொரு குடமும் நிற்கும் கல்லைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கல்லில் ஆறு விவரங்கள் எழுதப்படுகின்றன. எந்தக் குடம், எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது, எந்த வகைக் குடம், சோக்கால் இட்ட சில குறிகள், சொந்தக் குறிப்பு ஒன்று. சோக்குக் குறிகளுக்குக் கெர்னலில் ஃபிளாக் என்று பெயர். குடங்கள் வரும், போகும். கல் அங்கேயே இருக்கும்.

ஒரு நிரல் ஐந்து ஐந்து பைட்டாக எழுதினால் ஒவ்வொரு முறையும் புதுக் குடம் எடுப்பது வீண். கடைசிக் குடத்தில் இடமிருந்தால் அதிலேயே மேலே ஊற்றிவிடலாம். நம் சொந்தக் குடத்தில் ஊற்றலாம். ஆனால் 2006 முதல் வேறு வகைக் குடமும் பைப்புக்குள் வரத் தொடங்கியது. வட்டிலுள்ள ஒரு கோப்பைப் படித்தால் கெர்னல் அதன் பிரதியை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பைக் கேட்கும் எல்லோருக்கும் அந்தப் பிரதியையே கொடுக்கும். அதை மறுபடி நகலெடுத்துப் பைப்பில் ஊற்றுவதற்குப் பதிலாக, பாத்திரத்தையே கொண்டுவந்து கல்லில் வைத்துவிடலாம். வேலை மிச்சம். அம்பேவெலப் பால் நிறைந்த ஒரு பொதுப் பாத்திரத்தைத் தண்ணீர்க் குடங்களின் வரிசையில் வைத்தாயிற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். முழு லயமும் அந்தப் பாலைத்தான் குடிக்கிறது. அதில் மேலே தண்ணீர் ஊற்றவே கூடாது.

எந்தக் குடத்தில் ஊற்றலாம் என்பதைக் குடத்தின் வகையைப் பார்த்துத்தான் நீண்ட காலம் தீர்மானித்தார்கள். ஊற்றக்கூடிய வகைக்கு ஒரு பட்டியல், ஊற்றக்கூடாத வகைக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு பட்டியல். 2020இல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் என்ற இன்னொரு கெர்னல் நிரலாளர் இந்த இரட்டைப் பட்டியலை ஒன்றாக்கினார். ஊற்றலாமா என்பதைக் கல்லில் ஒரு சோக்குக் குறியாக மாற்றினார். 5.8ஆம் பதிப்பில் அது வந்தது. படித்துப் பார்த்தால் நானும் ஆமோதித்திருப்பேன். இரண்டு ஒன்றானது, நிரல் சுருங்கியது, வாசிக்கத் தெளிவானது.

ஆனால் 2016இல், 4.9ஆம் பதிப்பில், கல்லில் குடம் வைக்கிற இரண்டு புதிய செயல்கூறுகள் எழுதப்பட்டிருந்தன. அவை குடத்தை வைத்தன, அளவை எழுதின, வகையை எழுதின. பழைய சோக்குக் குறியை அழிக்க மறந்தன. நான்கு வருடம் அதனால் ஒரு கேடும் வரவில்லை. அதுவரை அந்த இடத்தில் இருந்த குறிகள் எதுவும் ஆபத்தானவையல்ல. 2020இல் ஒரு குறிக்குப் புது அதிகாரம் கிடைத்தது. தண்ணீர்க் குடம் இருந்த கல்லில் ஊற்றலாம் என்ற குறி நிற்கிறது. குடம் போய்விட்டது, குறி போகவில்லை. அந்தக் கல்லில் பால் பாத்திரம் வந்து உட்காருகிறது. அடுத்து வருகிறவர் குறியைப் பார்த்து ஊற்றுகிறார்.

இப்போது அம்மாவின் செக்ரோல் கதையின் மறுபாதி. பழைய கணக்குப்பிள்ளை கடன்களைத் தனிப் புத்தகத்தில் எழுதிவந்தார். செக்ரோல் ஓரத்துக் குறியை அவர் தன் ஞாபகத்துக்காகப் போட்டதோடு சரி. புதிதாக வந்தவர், எதற்கு இரண்டு புத்தகம் என்று கடன் புத்தகத்தை நிறுத்தினார். ஓரத்துக் குறி இருந்தால் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். நல்ல எண்ணம்தான். பழைய பெயர்களை அழித்தவர்கள் குறியை அழித்தார்களா என்று அவர் ஒவ்வொரு வரியாகப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று மாதம் அரிசிக் கணக்கு பிசகியது.

கெர்னலில் அந்தப் பிழை எப்படி வெளியே வந்தது தெரியுமா? ஜெர்மனியில் இணையத்தளங்களுக்கு இடம் வழங்கும் நிறுவனம் ஒன்றில் மாக்ஸ் கெல்லர்மன் வேலை செய்துவந்தார். 2021 ஏப்ரலில், பதிவிறக்கிய பதிவேட்டுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் முறையிட்டார். கெல்லர்மன் கோப்பைச் சரிசெய்து கொடுத்தார். சில காலம் கழித்து மறுபடியும் அதே முறைப்பாடு. கெட்டுப்போன கோப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது அநேகமாக எல்லாம் மாதக் கடைசி நாளின் கோப்புகள். ஒவ்வொன்றிலும் கடைசி எட்டு பைட்டுகள் மட்டும் மாறியிருந்தன. அந்த எட்டும் எதேச்சையான குப்பையல்ல. ஸிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் தொடங்கும் எட்டு பைட்டுகள். ஒரு மாதத்தின் தினசரிக் கோப்புகளை ஒரே ஸிப்பாகக் கொடுக்க, அவருடைய நிரல் அவற்றைப் பாத்திரத்தோடு பைப்பில் வைத்துவிட்டு, கடைசிக் கோப்புக்குப் பின்னால் அந்தப் பட்டியலை எழுதும். எழுதிய தண்ணீர் கடைசிப் பால் பாத்திரத்தில் விழுந்திருக்கிறது. அந்தக் கோப்பில் எழுத அந்த நிரலுக்கு அனுமதியே கிடையாது!

அவர் தன் நிரலைச் சந்தேகித்தார், வட்டைச் சந்தேகித்தார், நினைவகத்தைச் சந்தேகித்தார். கெர்னலைக் குறை சொல்வது கடைசி வழி என்பது நம் தொழிலின் பழக்கம். எல்லாம் கழிந்தபின் சில வரிகளே உள்ள இரண்டு சின்ன நிரல்கள் எழுதினார். ஒன்று ஒரு கோப்பில் எழுதும். மற்றது அதே கோப்பைப் பைப்பில் வைத்துவிட்டு வேறு எழுத்துகளைப் பைப்பில் எழுதும். அந்த வேறு எழுத்துகள் கோப்புக்குள் தோன்றின. படிக்க மட்டும் அனுமதியுள்ள எவரும் கடவுச்சொல் கோப்பையே மாற்றி இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் பிடித்துவிடலாம் என்று அதன் பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கெர்னல் குழுவுக்கு அறிவித்து, திருத்தம் போய்ச் சேர்ந்தபின், 2022 மார்ச் 7இல் உலகத்துக்குச் சொன்னார். டர்ட்டி பைப் என்று பெயர் வைத்தார். அப்போது புதிதாக வந்திருந்த பிக்சல் 6 போனிலும் அது இருந்தது.

ஹெல்விக்கைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அவர் செய்த எளிமைப்படுத்தல் இன்றும் கெர்னலில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஒரு மாற்றத்தைப் பரிசீலிக்கிறவர்களுக்கு மாறிய வரிகளும் அவற்றை ஒட்டிய சில வரிகளும்தான் காட்டப்படும். எழுதாமல் விட்ட வரி எந்தப் பக்கத்திலும் தெரியாது. 2016இல் பார்த்தவர்களுக்கு அழிக்காத குறியால் ஆபத்து இல்லை. 2020இல் பார்த்தவர்களுக்கு 2016இன் வரிகள் கண்முன் இல்லை. ஒரு தரவுக் கட்டமைப்பை எளிமையாக்கும்போது, மாற்றுகிற புலத்தை யார் யார் படிக்கிறார்கள் என்று நாம் தேடுகிறோம். அந்தக் கட்டமைப்பை யார் யார் புதிதாகப் பிறப்பிக்கிறார்கள் என்று தேடுவதில்லை. பெயரைத் தேடினால் அந்த இடங்கள் அகப்படாது, ஏனென்றால் அங்கே அந்தப் பெயரே எழுதப்படவில்லை. என் இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த பாடங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். திருத்தம் எவ்வளவு என்று கேட்பீர்கள். இரண்டு இடத்தில், இடத்துக்கு ஒரு வரி: ஃபிளாக்ஸ் சமம் 0.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பாடசாலைக் கணினி அறையில், எந்த மொழியில் வேண்டுமானாலும், பதினாறு இடமுள்ள ஒரு வளையத்தை எழுதுங்கள். தலை, வால் என்று இரண்டே 32 பிட் எண்கள். அவற்றை 0இலிருந்து தொடங்க வேண்டாம், 4294967290இலிருந்து தொடங்குங்கள். சுற்றித் திரும்புகிற இடத்தில் பிழை இருந்தால் முதல் நிமிடத்திலேயே அகப்பட்டுவிடும். லினக்ஸ் தன் 32 பிட் நேரக் கணக்கியை இப்படித்தான் வைத்திருக்கிறது. இயந்திரத்தைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் அது பூஜ்யத்தைத் தாண்டும்படி, வேண்டுமென்றே. பிறகு, முதல் குடத்தை வைப்பதற்கு முன்பே பதினாறு கல்லிலும் எல்லாக் குறிகளையும் நீங்களே கிறுக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.